எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய ‘மர்ம மிருகம்’: திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் பதில்களும்

போகிக்கு முந்தின நாள் காலையில், வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு இடையில் ஒரு உடல் ஒதுங்கிக் கிடந்தது. உடம்பில் ஒரு முடி கிடையாது. வெளிறிய ரோஸ் நிறம், ஊதிய வயிறு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த எலும்பு, விரல் விரிந்த முன்னங்கால். மதியத்துக்குள் அந்தப் படம் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எல்லார் போனுக்கும் போய்விட்டது.

நான் பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள். ஆமை சீசனில் இரவு கரையில் நடக்கிறவள். அதனால் குப்பத்தில் எல்லாரும் என்னிடமே வந்து கேட்டார்கள். மீன் வாங்கப் போனாலும் அதே கேள்வி, ரேஷன் கடை வரிசையிலும் அதே கேள்வி. கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

டீச்சர், அது இன்னா மிருகம்? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

நாய்.

பல்லைப் பார்த்துச் சொல்கிறேன். வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல். மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு முன்பல் 3, கோரைப்பல் 1, அதற்குப் பின்னால் 6. கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் 7. பக்கத்து வீட்டுப் பையன் போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, கையுறை போட்டுக்கொண்டு ஐஸ் குச்சியால் வாயோரத் தோலை விலக்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். முன்பற்கள் உதிர்ந்து, குழிகளில் மணல் அடைத்திருந்தது. ஆனால் மேல்தாடையின் பின்பக்கம் கத்திரிக்கோல் அலகு மாதிரி ஒரு பெரிய பல் அசையாமல் நின்றது. இறைச்சியை வெட்டுகிற பல் அது. மூன்று வேர் இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் விழாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, அங்கே குழிகூட இருக்காது. பன்றிக்கு 44 பல், கடைவாய்ப்பல் மேடு மேடாக இருக்கும்.

நரிக்கும் இதே 42 தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கழுத்து மடிப்பில் தோலோடு தோலாக ஒரு நீல நைலான் கயிறு அழுந்திக் கிடந்தது. முடிச்சு போட்ட கயிறு. யாரோ கட்டி வளர்த்த நாய்.

நாய்னா முடி எங்க போச்சு?

உடல் தண்ணீரில் சில நாள் ஊறினால் மேல்தோல் உள்தோலை விட்டுக் கழன்றுவிடும். முடி நிற்பது அந்தப் பிடியில்தான். பிடி போனதும் கொத்துக் கொத்தாக வந்துவிடும். அப்புறம் அலை அடித்து அடித்து மணலிலும் கல்லிலும் உரசினால் மிச்சமும் போய்விடும். உள்தோல் வெயிலில் வெளுத்து, தொட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். குடலில் வாயு சேர்ந்து வயிறு ஊதும். செத்த கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கினால் எப்படி ஆளே மாறிப் போகிறதோ, அந்த மாற்றம்தான் இதிலும்.

மூக்கு ஏன் கிளி மாதிரி இருந்துச்சு?

நாயின் மூக்கு நுனி எலும்பு கிடையாது. உதடும் மென்சதைதான். நண்டும் சிறு மீனும் முதலில் தின்பது இந்த மாதிரி மெத்தென்ற இடங்களைத்தான்: கண், உதடு, மூக்கு, நாக்கு. அதெல்லாம் போனால் மேல்தாடை எலும்பு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே சொன்னபடி முன்பல்லும் உதிர்ந்துவிட்டால் பல்லில்லாத அலகு மாதிரியே தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் விலங்குகளின் மண்டை ஓடுகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உயிரோடு இருக்கும்போது நாம் பார்க்கும் முகத்துக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

கை மனுஷன் கை மாதிரி இருந்துச்சே, அத்த இன்னா சொல்றீங்க?

நாயின் முன்னங்காலில் தரையில் ஊன்றும் விரல் நான்கு, உள்பக்கம் சற்று மேலே சின்னதாக இன்னொன்று. முடியும் பாதத் தோலும் போய், கால் ஊதினால் விரல்கள் பிரிந்து கை மாதிரிதான் இருக்கும். நம் கரையில் இதைவிட ஏமாற்றுவது ஓங்கில், அதாவது டால்பினின் துடுப்பு. நம்மவர்கள் கடல் பன்னி என்கிறார்களே, அதேதான். மேல் சதை அழுகிப் போனால் உள்ளே ஐந்து விரல் எலும்பு வரிசையாகத் தெரியும். பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறிவிடும். ஓங்கில் மீன் இல்லை, நம்மைப் போலக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. அதனால்தான் அதன் துடுப்புக்குள் ஒரு கை இருக்கிறது.

உண்மையிலேயே மனித உடலோ என்று கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். 100-க்குப் போன் செய்யுங்கள். யாரோ ஒரு வீட்டில் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தொட்டுட்டேன். எதுனா ஆவுமா?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கையைக் கழுவுங்கள். கையில் கீறல், வெட்டு இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எந்த நாய், எதனால் செத்தது என்று தெரியாத நிலையில் மருத்துவர் முடிவு செய்வதுதான் சரி.

வயிறு ஊதியிருந்தா குத்தி காத்த எறக்கிடலாமா? பசங்க மூங்கில் எடுத்துனு வந்துட்டானுங்க.

கூடாது. சின்ன உடம்பு என்றால் மேலே தெறிக்கும். பெரிய உடம்பு என்றால் ஆபத்து. 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரத்தில், செத்த ஸ்பெர்ம் திமிங்கலம் ஒன்றை லாரியில் ஆய்வுக்கு ஏற்றிப் போகும்போது, உள்ளே சேர்ந்த வாயுவால் நடுத்தெருவில் வெடித்துக் கடைகள் மீதும் வண்டிகள் மீதும் குடல் சிதறியது.

வெளிநாட்டுல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சாமே? படம் கூட அனுப்புனாங்க.

ஆமாம். 2008 ஜூலையில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில், மொன்டாக் என்ற ஊர்க் கரையில் ஒதுங்கியது. முடியில்லாத உடல், அலகு மாதிரி முகம், நீண்ட விரல்கள். ‘மொன்டாக் அரக்கன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆமை ஓடு கழன்றது என்றார் ஒருவர், பெரிய எலி என்றார் இன்னொருவர். அந்தப் பக்கத்தில் பிளம் ஐலண்ட் என்ற தீவில் கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உண்டு. அங்கே உருவாக்கித் தப்பவிட்ட மிருகம் என்று பெரிய வதந்தி கிளம்பியது.

அந்த உடல் எந்த ஆராய்ச்சியாளர் கையிலும் கிடைக்கவில்லை, படம்தான் மிச்சம். அதிலிருந்த பல் வரிசையையும் மண்டை வடிவத்தையும் நீண்ட விரல்களையும் வைத்து அது ரக்கூன் என்று விலங்கியல் அறிஞர்கள் சொன்னார்கள். ரக்கூன் நம் நாட்டில் இல்லாத பிராணி. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடு, அங்கே குப்பைத் தொட்டியைக் கிளறித் திரியும். எல்லாரும் தினமும் பார்க்கிற பிராணிதான். முடி போனதும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அங்க லேப்னு சொன்னாங்க. இங்க எண்ணூர் கெமிக்கல்ல ஊறி உருவம் மாறிடுச்சோ?

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இந்தக் கரையில் நம் ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. கூழைக்கடா இறகெல்லாம் தார் பூசினது போல நின்றது. வலையும் படகும் வீணாகின. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்ததை இறால் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவு நடந்த இடத்தில் அப்படி ஒரு சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் எண்ணெயும் ரசாயனமும் செய்வது வேறு வேலை. இறகை ஒட்ட வைக்கும், செவுளை அடைக்கும், முட்டையையும் குஞ்சையும் கெடுக்கும், கொல்லும். வளர்ந்த நாயை வேறு மிருகமாக மாற்றாது. மேலே முடியையும் மூக்கையும் பற்றிச் சொன்ன மாற்றங்கள் எவ்வளவு சுத்தமான கடலிலும் நடக்கும். ‘கெமிக்கல் மிருகம்’ என்ற பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும். அதோடு சேர்ந்து நம் ஆற்றைப் பற்றிய உண்மையான புகாரும் கட்டுக்கதை என்று தள்ளப்பட்டுவிடுமோ என்பதுதான் என் பயம்.

சரி, நாய் எப்டி கடல்ல வந்துச்சு?

மழைக்காலத்தில் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் புரண்டு ஓடும்போது கரையோரத்தில் செத்ததும் சாகாததும் சேர்ந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வந்துவிடும். கட்டிப்போட்ட பிராணி தப்பிக்க முடியாது. அந்தக் கயிற்றை நினைத்தால் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

செத்த உடல் முதலில் அமிழும், வாயு சேர்ந்ததும் மிதக்கும். மிதந்தபின் அது போகும் இடத்தைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்யும். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை நம் மீனவர்கள் வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீர் பெரும்பாலும் தெற்கு நோக்கித்தான் போகும். அப்படியானால் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது எர்ணாவூர்க் கல்லில் மாட்டுவது ஆச்சரியமே இல்லை. கல் இல்லாத பழைய மணல் கரையாக இருந்தால் அடுத்த அலை திரும்ப இழுத்துப் போயிருக்கும்.

வெறும் சதைப்பிண்டமா, எலும்பே இல்லாம, மேல வெள்ள முடியோட கெடக்குதே சில படத்துல, அது இன்னா?

பெரும்பாலும் திமிங்கலத்தின் மிச்சம். எலும்புக்கூடு கழன்று அடியில் போய்விட, கொழுப்புத் தோல் மட்டும் மிதந்து வரும். முடி மாதிரி தெரிவது முடி இல்லை. சதையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் நார், மற்றது அழுகினபின் பிரி பிரியாக நிற்கும். தேங்காய் மட்டையை ஊறவைத்துத் தட்டினால் நார் மட்டும் மிஞ்சுவது போல.

1896-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் கரையில் அப்படி ஒன்று ஒதுங்கியது. ராட்சத ஆக்டோபஸ் என்று நூறு வருடத்துக்கு மேல் பேச்சு ஓடியது. 2003-இல் சிலி நாட்டில் ஒதுங்கிய பிண்டத்தையும் அதே மாதிரி சொன்னார்கள். டி.என்.ஏ. சோதனையில் அது ஸ்பெர்ம் திமிங்கலக் கொழுப்பு என்று தெரிந்தது. 2004-இல் வந்த அந்த ஆய்விலேயே புளோரிடாப் பிண்டத்தின் பழைய துண்டையும் சோதித்தார்கள், அதுவும் திமிங்கலம்தான். அந்தக் காலத்தில் யாரோ ஒரு துண்டை வெட்டிச் சீசாவில் போட்டு வைத்ததால்தான் இவ்வளவு காலம் கழித்தாவது பதில் கிடைத்தது.

நீள கழுத்து, சின்ன தல, நாலு துடுப்பு. டைனோசர் காலத்து மிருகம்னு ஜப்பான்காரன் புடிச்ச படம்?

1977 ஏப்ரலில் நியூசிலாந்துக்கு அப்பால் ஸுய்யோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் வந்தது. சுமார் 10 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1,800 கிலோ. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று படம் எடுத்துவிட்டு, துடுப்பு நாரில் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டு, கடலிலேயே போட்டுவிட்டார்கள். அந்த நாரைச் சோதித்ததில் சுறாவின் நாரோடு ஒத்துப்போனது. பாஸ்கிங் சுறா என்ற பெரிய சுறா அழுகின உடல் என்பதே முடிவு.

சுறா ஏன் அப்படி ஆகிறது என்று நம் ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும், அறுத்துப் பழகியவர்கள் அல்லவா. சுறாவுக்குக் குருத்தெலும்புதான். தாடையும் செவுள் வளைவுகளும் மண்டையோடு தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். அழுகினால் முதலில் அவை விழும். மிச்சம் சின்ன மண்டைப் பெட்டியும் முதுகுத் தண்டும்தான், பார்க்க நீளக் கழுத்து. வாலில் தண்டு மேல் மடலுக்குள் மட்டும் போவதால் கீழ் மடல் விழுந்து, பல்லி வால் மாதிரி ஆகிவிடும்.

ஓரமா மெழுகு மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. அம்பர்கிரிஸ், கோடிக்கு போவும்னு சொல்றாங்களே?

தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அம்பர்கிரிஸ் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. அந்தத் திமிங்கலம் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். செத்த உடலிலிருந்து கழன்ற கொழுப்புக்கூடக் கடலில் ஊறி மெழுகுக் கட்டியாகும். அதை எடுத்து வைத்துப் புரோக்கரைத் தேடும் பையனுக்குப் பணம் வராது, வழக்கு வரும்.

இந்த மாதிரி ஒதுங்கினா சுனாமி வரும்னு எங்க ஆயா சொல்லுது.

2004 டிசம்பர் 26 காலையை இந்தக் கரையில் பார்த்த ஆயா அப்படிப் பயப்படத்தான் செய்வார். அவரைக் கேலி செய்யாதீர்கள். ஆழ்கடலில் வாழும் ஓர்ஃபிஷ் என்ற துடுப்பு மீன் ஒதுங்கினால் நிலநடுக்கம் வரும் என்று ஜப்பானில் நீண்ட காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்திலிருந்து வரும். ஆயாவிடம் அதைச் சொல்லுங்கள். அன்றைக்கு இல்லாத ஏற்பாடு இன்றைக்கு இருக்கிறது.

அப்போ புதுசா ஒரு மிருகம் வரவே வராதா? எல்லாமே நாயும் திமிங்கலமும்தானா?

வரும், வந்திருக்கிறது. 1963 ஜனவரியில் இலங்கையில், கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானைக் கரையில் அலகு போன்ற வாயுள்ள ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. அங்கிருந்த அருங்காட்சியக அறிஞர் பி.இ.பி. தெரணியகல அதைப் புது இனம் என்று சொல்லிப் பெயரும் வைத்தார். சீக்கிரமே மற்றவர்கள் அதை ஏற்கெனவே தெரிந்த வேறு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-இல் டி.என்.ஏ.வையும் மண்டை எலும்பையும் பார்த்து, அவர் சொன்னதே சரி, தனி இனம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது வருடம் அந்த எலும்பு பத்திரமாக இருந்ததால் வந்த நியாயம் அது.

அதனால் அடுத்த முறை ஏதாவது ஒதுங்கினால் இப்படிப் படம் எடுங்கள்: அளவு தெரியப் பக்கத்தில் ஒரு செருப்பை வையுங்கள். பல், நான்கு கால் அல்லது துடுப்பு, வால், முதுகு, தனித்தனியாக. வால் படுக்கை வாட்டில் இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கை என்றால் ஓங்கில், திமிங்கல வகை. செங்குத்து என்றால் மீன். நாய், மாடு என்றால் மாநகராட்சிக்கு 1913. ஆமை, ஓங்கில், திமிங்கலம் என்றால் வனத்துறைக்கு. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும் சொல்லலாம். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அடையாளம் காண்பது அவர்கள் வேலை.

டீச்சர், அந்த ஆமைக்கு இன்னா ஆச்சு?

இதை ஒரே ஒரு ஆள்தான் கேட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. நாயைச் சுற்றி நூறு பேர் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு பங்குனி ஆமை மல்லாந்து கிடந்தது. தாண்டித்தான் எல்லாரும் போனார்கள். ஒவ்வொரு வருடமும் தை, மாசியில் இப்படி ஒதுங்குவதால் கண்ணுக்குப் பழகிவிட்டது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். முட்டையிடக் கரைக்கு நெருங்கி வரும் இந்த மாதங்களில் இழுவலையில் மாட்டிக்கொண்டால், வலையை மேலே எடுப்பதற்குள் மூச்சு முட்டிச் செத்துவிடும். உடம்பில் காயமே இருக்காது, கண் மட்டும் வீங்கியிருக்கும். வலைக்குள் ஆமை வெளியேற ஒரு கம்பித் தடுப்பும் வழியும் வைக்கலாம், அந்தச் சாதனம் இருக்கிறது. அதன் வழியாக மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். டீசல் விலையையும் பிடிபாட்டையும் பார்த்தால் அவர்கள் கவலையும் உண்மைதான். ஆனாலும் அதைப் பொருத்த வேண்டும் என்பதே என் கருத்து, காசிமேட்டில் என்னை அறிந்தவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டின் நீளம் 68 செ.மீ., வால் குட்டை, அதனால் பெண். புரட்டிப் போட்டபோது வால் அடியில் இரண்டு முட்டை, தோல் மாதிரி மெத்தென்று, மணல் ஒட்டிக் கிடந்தன. வேறு யாரும் மறுபடி எண்ணிவிடக் கூடாது என்று ஓட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் தேதி எழுதினோம். என் நோட்டில் அந்த சீசனுக்கு அது பதினோராவது. எண்ணை அவளே எழுதினாள்.